ஒரு நூல் பிந்தி

அண்ணாச்சி, கொஞ்சம் பைய பேசுங்க. அந்த நம்பரை இவ்வளவு சத்தமா வாசிக்காதிய. ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு, ஆமா, எனக்குத் தெரியும், என் கையெழுத்துதான். மானிட்டர்ல ஒட்டி வச்சதும் நான்தான். கிழிச்சுப் போட மறந்துட்டேன். குடுங்க இங்கன. கிழிச்சாச்சு. அடுக்களையில எங்க வீட்டுக்காரி காபி போட்டுட்டு இருக்கா. அவளுக்குப் பாம்புக் காது.

கதவையா? சாத்த வேண்டாம். சாத்துனா எதுக்குச் சாத்துனியன்னு வந்து நிப்பா. திறந்தே கிடக்கட்டும். நீங்க வந்த வேலை கம்ப்யூட்டருக்கு ராம் போடுறது. அத மட்டும் பாருங்க. ஒன்பது வருசத்துக் கம்ப்யூட்டர் இது, இது பாட்டு ரெக்கார்டிங்கைத் தாங்கணும். அஞ்சு மணிக்குள்ள தாங்கணும். இப்பவே நாலு அடிச்சாச்சு.

அஞ்சு மணிக்கு என்னன்னா, தேவநேசன் சார் போன் பண்ணுவாவ. எங்க சபைப் பாடகர் குழுவுக்கு அவியதான் தலைவர். நாளைக்கழிச்சு ஞாயித்துக்கிழமை அசனம். உங்களுக்குத் தெரியும்லா, ஊரே ஒண்ணா உக்காந்து கறிச்சோறு சாப்பிடுற பண்டிகை. வருசா வருசம் அசனத்துக்குன்னு ஒரு புதுப்பாட்டு எழுதுவோம். முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணி ஒலிபெருக்கியில போட்டுருவோம், சோறு வேகுற வரைக்கும் அதுதான் ஓடும். காலை ஆராதனையில அதே பாட்டை ஒருத்தர் தனியா நின்னு பாடணும். பதினோரு வருசமா அது எங்க வீட்டுக்காரி ஹெப்சிபாதான். இந்த வருசம் பாடமாட்டேன்னு நிக்கா. அஞ்சு மணிக்குள்ள சரின்னு சொல்லலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. அப்படிக் குடுத்துட்டா இவ அந்த முன்வரிசைக்கே திரும்பி வரமாட்டா. எனக்கு அது நல்லாத் தெரியும்.

ஸ்க்ரூ அந்தக் கிண்ணத்துல போடுங்க, உருண்டு போயிரும்.

ஏன் பாடமாட்டாளா? அத விடுங்க. இல்ல, நீங்க கேக்கிய, சொல்லாம இருந்தா நான் என்னமோ மறைக்குத மாதிரி இருக்கும். சொல்லுதேன். ஆனா அவ வந்தா நான் பேச்சை மாத்துவேன், நீங்களும் கூட மாத்திக்கணும்.

இந்த ரூம் முழுக்க நான் அவளுக்காகப் பண்ணுனது. ஒண்ணுவிடாம அவளுக்காக. நான் தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்தவன், எனக்குப் பாட்டு கீட்டு வராது. அவ குரல் வெளியில ஸ்டுடியோவுல போய் யார் யார் முன்னாலயோ நிக்க வேண்டாம், வீட்டுலயே ராணி மாதிரி பாடட்டும்னு மைக் வாங்குனேன், ஹெட்போன் வாங்குனேன், சுவர்ல பஞ்சு ஒட்டுனேன், நானே வீடியோ பாத்து சாஃப்ட்வேர் படிச்சேன். சித்திரை மாசம் மொத ரெக்கார்டிங். அவ வாயைத் திறந்தா, ஹெட்போன்ல கிர்ர் கிர்ர்னு அப்பளம் பொரியுத சத்தம்.

நான் என்ன பாடு பட்டேன்னு நினைக்கிய! வைஃபையை அணைச்சேன். ஆன்டிவைரஸைத் தூக்குனேன். பின்னால ஓடுத அத்தனையையும் நிறுத்துனேன். கிர்ர் போகல. கரண்ட்ல கோளாறோன்னு ஃபேனை அணைச்சேன். சித்திரை வெயில்ல ஃபேன் இல்லாம இவ சேலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சிட்டுப் பாடுதா. ஃப்ரிட்ஜையும் அணைச்சேன், அன்னைக்கு வாங்கி வச்ச சாளை மீன் மொத்தமும் கெட்டுப்போச்சு. அதுக்கு அவ ஒரு வார்த்தை சொல்லல. அப்படிப்பட்ட பொம்பள.

பொறவு ஒரு வீடியோவுல ஒருத்தன் சொன்னான், பஃபரைக் கூட்டுன்னு. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் நான் புரிஞ்சிக்கிட்டதைச் சொல்லுதேன். கம்ப்யூட்டர் சத்தத்தைக் கரண்டி கரண்டியா அள்ளி ஊத்துது, அந்தக் கரண்டிதான் பஃபர். கரண்டி சின்னதா இருந்தா வேகமா அள்ளணும், பழைய மெஷினுக்குக் கை வலிக்கும், சிந்தும், அந்தச் சிந்தல்தான் கிர்ர். பெரிய கரண்டியக் குடுத்தா நிதானமா அள்ளும். நான் நூத்தி இருபத்தெட்டுல இருந்ததைத் தூக்கி ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டுல வச்சேன். கிர்ர் போச்சு! கண்ணாடி மாதிரி சத்தம். நான் துள்ளிக் குதிச்சேன். இனி யாரும் மாத்தக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனேன். யாரு மாத்தப் போறா, இந்த வீட்டுல நானும் அவளும்தானே.

ஆமா அண்ணாச்சி, ஆமா. நீங்க தலையை ஆட்டுதது புரியுது. பெரிய கரண்டின்னா சத்தம் வர நேரமாகும். இப்ப தெரியுது. அன்னைக்கு அந்த வீடியோக்காரன் அதைச் சொல்லல. இல்ல, சொல்லிருப்பான், நான் கிர்ர் போனதும் வீடியோவை நிறுத்திட்டேன்.

அவ மொத நாளே சொன்னா. “என் குரலே எனக்குப் பின்னால வருதுங்க”ன்னா. நான் என்ன சொன்னேன்? “அதத்தானே நானும் சொல்லுதேன், நீ பின்னால வார”ன்னேன். சிரிச்சேன் வேற.

ஏன்னா ஸ்கிரீன்ல தெரியுது அண்ணாச்சி! தாளத்துக்கு டிக் டிக்னு ஒரு சத்தம் வச்சிருக்கோம்லா, அதுக்கு நேரா கோடு இருக்கு. இவ பாடுனது மலை மலையா எழும்பி நிக்கும். ஒவ்வொரு மலையும் கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி நிக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாமே. முப்பது வருசம் வயல்லயும் வரப்புலயும் கோடு பிடிச்சவன் நான். ஒரு அடி தள்ளி வேலி போட்டவன் எத்தனை சத்தியம் பண்ணுனாலும் நான் நம்புனது இல்ல, சங்கிலியைப் போட்டு அளந்துதான் நம்புவேன். அதே மாதிரி இவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, பென்சிலால ஸ்கிரீனைத் தொட்டுக் காட்டுனேன். “இங்க பாரு டிக். இங்க பாரு நீ.” அவ குனிஞ்சு பாத்தா. கண்ணாடியைத் துடைச்சிட்டு மறுபடியும் பாத்தா. “ஆமா”ன்னா.

அண்ணாச்சி, கை நிக்குதே. ராம் போட்டாச்சா? ரெண்டு துண்டும் உக்காந்துச்சா? அப்ப மூடுங்க, மூடுங்க. நாலு இருபது.

கேளுங்க, அதுக்கப்புறம்தான் மோசம். சித்திரை போய் வைகாசி வந்துச்சு. தினமும் சாயங்காலம் இவளை இங்கன நிக்க வச்சேன். பதினஞ்சு தடவை, இருபது தடவை ஒரே சரணம். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் பிந்தி. நான் கத்துனேன். ஒத்துக்கிடுதேன், கத்துனேன். “குழுவுல இருபத்திரெண்டு வருசமா எப்படித்தான் பாடுனியோ”ன்னு கேட்டேன். அது சும்மா கோவத்துல வந்த வார்த்தை. ஆனா அவ அதப் பிடிச்சிக்கிட்டா. ராத்திரி சோறு போடும்போது கேக்கா, “ஏங்க, சபையிலயும் நான் பிந்திருப்பேனா, யாரும் சொல்லாம இருந்திருப்பாவளா?”ன்னு. நான், “இருக்கலாம்”ன்னேன். அளவு அப்படித்தானே சொல்லுது!

இவ யாரு தெரியுமா? ஒரு வருசம் அசன ஆராதனையில கரண்ட் போச்சு. மைக் இல்ல, கீபோர்டு இல்ல. ஐநூறு பேர் ஆளுக்கொரு பக்கமா இழுக்காவ. இவ முன்னால வந்து தொடையில கையைத் தட்டிக்கிட்டே பாடி, அத்தனை பேரையும் ஒரே கயித்துல கட்டிக் கொண்டுவந்து கரை சேத்தா. கீபோர்டு வாசிக்க புதுசா யாரு வந்தாலும் தேவநேசன் சார் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாவ, “தாளம் தெரியலன்னா ஹெப்சிபா முகத்தைப் பாரு”ன்னு. அப்படிப்பட்டவ இப்ப ரெண்டாவது வரிசையில போய் நிக்கா. பக்கத்துல நிக்கவ வாயைத் திறக்குற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் தொடங்குதா. போன ஞாயிறு நான் கவனிச்சேன். இப்ப நெசமாவே பிந்துதா அண்ணாச்சி. அதனால நான் சொன்னதுலயும் முழுக்கத் தப்பு இல்லன்னு வச்சிக்கிடுங்க.

ஸ்டார்ட் பண்ணுங்க. ஆ, லைட் வருது. பவர் ஆப்ஷன்ல மெஷின் முழு வேகத்துல ஓடுத மாதிரி வைங்க. அந்தப் பிரவுசர் தானா திறக்கும், அத அடைச்சிருங்க.

எப்படிக் கண்டுபிடிச்சேன்னா, மூணு வாரத்துக்கு முன்னால ஒரு செவ்வாக்கிழமை. கடைசிச் சரணம், இருபத்தியோராவது தடவை. நான் பென்சிலை மேசையில எறிஞ்சேன். அவ ஹெட்போனைக் கழட்டி மைக்குக்கு முன்னால வச்சிட்டு, எந்திரிச்சுப் போயிட்டா. பின்வாசல்ல போய் நின்னு அழுதா, எனக்குக் கேட்டுச்சு. எனக்கும் ஆத்திரம், ரெக்கார்டிங்கை நிறுத்தாம அப்படியே உக்காந்திருந்தேன். ஹெட்போன்ல டிக் டிக் ஓடிக்கிட்டே இருக்கு. அந்த டிக் மைக்குக்குள்ள போய் ரெக்கார்டும் ஆகுது. கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்கிரீனைப் பாத்தா, மெஷினோட டிக்கு மெஷினோட கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி நிக்குது.

அதே ஒரு நூல். நான் பென்சிலை வச்சு அளந்தேன். அவ குரல் தள்ளி நின்ன அதே அளவு. கம்ப்யூட்டர் தன்னோட டிக்குக்கே பிந்துதுன்னா அது அவ தப்பா?

அவகிட்ட சொல்லணும்னுதான் நினைச்சேன். சத்தியமா. உடனே எந்திரிச்சேன், பின்வாசல் வரைக்கும் போனேன். அவ முகம் கழுவிட்டு இருந்தா. அந்த நேரத்துல சொன்னா என்னாகும்? ரெண்டு மாசம் கத்துனதுக்கெல்லாம் சேத்து வாங்கிக் கட்டிக்கணும். நல்ல நேரம் பாத்துச் சொல்லலாம்னு திரும்பி வந்துட்டேன். நீங்களா இருந்தா சொல்லிருப்பியளா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க.

என்னைப் பாத்துச் சொல்லுங்க, ஸ்கிரீனை ஏன் பாக்கிய?

சரி. வந்து உக்காந்து, அவ பாடுன அத்தனையையும் பிடிச்சு ஒரு நூல் முன்னால இழுத்து வச்சேன். வேற ஒண்ணும் பண்ணல. போட்டுக் கேட்டேன். அண்ணாச்சி, ஒரு மயிரிழை பிசகல. எல்லாச் சொல்லும் டிக்குல போய் நச்சுன்னு உக்காருது. நான் தனியா உக்காந்து அழுதேன், சொல்லுததுக்கு என்ன வெக்கம்.

தேவநேசன் சாருக்குப் போட்டுக் காட்டுனோம். அவிய அசந்துட்டாவ. “சர்வேயர் சார், கம்ப்யூட்டரை வச்சு டைமிங்கையே சரி பண்ணிட்டியளே!”ன்னாவ. நான் ஆமான்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. பக்கத்துல இவ நின்னா. இவளே சொல்லுதா, “ஆமா சார், எல்லாம் இவியதான் திருத்துனாவ. நான் பாடுனதை அப்படியே விட்டிருந்தா சபை சிரிச்சிருக்கும்”னு. அவ முகத்துல அவ்வளவு நன்றி. அந்த நன்றியைப் பாத்த பொறவு எப்படி அண்ணாச்சி வாயைத் திறக்க? ஞாயித்துக்கிழமை ஆளாளுக்கு வந்து கை குடுக்காவ. பக்கத்து சேகரத்துச் சபையில இருந்து ரெண்டு பேர், எங்களுக்கும் திருத்தித் தாங்கன்னு வந்து கேட்டாவ.

அதுல ஒரே ஒரு சிக்கல். ரெக்கார்டிங்ல நான் திருத்திருவேன், நேர்ல நின்னு பாடுனா யாரு திருத்துவா? அப்படிக் கேட்டு, பாடமாட்டேன்னுட்டா. நான் கெஞ்சிப் பாத்தேன். தைரியம் சொன்னேன். உன்னால முடியும்னு எத்தனை தடவை சொல்லிருப்பேன்! ஒரு மனுசன் இதுக்கு மேல என்ன பண்ணுவான்?

அத ஒண்ணைத் தவிர, ஆமா. அது ஒண்ணைத் தவிர.

அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பஃபரைத் திரும்ப நூத்தி இருபத்தெட்டுல வைக்கணும், கிர்ரும் வரக்கூடாது. புது ராம் அதத் தாங்கும்லா? அப்ப அவளைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லுவேன். குரல் பின்னால வராது. மலை எல்லாம் கோட்டுல நிக்கும். நான் ஸ்கிரீனைக் காட்டி, “பாத்தியா, பழகப் பழக நீயே தேறிட்ட”ன்னு சொல்லுவேன். அவளுக்கு நம்பிக்கை வந்துரும். தேவநேசன் சாருக்குச் சரின்னு சொல்லிருவா. யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. நல்ல ஏற்பாடா இல்லையா?

வாரா. வாரா. நூத்தி இருபத்தெட்டு வச்சாச்சா? சரி.

வா ஹெப்சி, காபியை அங்கன வை. அண்ணாச்சி சீனி கம்மியாத்தான் குடிப்பாவளாம். மெஷின் இப்ப குதிரை மாதிரி ஓடுது. ஒரு ரெண்டு வரி பாடிப் பாரேன். ஏன், தொண்டை கட்டியிருக்கா? காலையில நல்லாத்தானே பேசுன? அண்ணாச்சி வேலையைச் சரிபாக்கணும்லா, அவியளுக்காகவாவது. ரெண்டே வரி. ஹெட்போனை மாட்டு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பென்சிலைக் கையிலயே எடுக்கல, பாரு.

பாடுதா அண்ணாச்சி.

கேக்கியளா? ஒரு கிர்ர் இல்ல. ஸ்கிரீனைப் பாருங்க. நேர் கோட்டுல. அச்சடிச்ச மாதிரி. ஹெப்சி, பாத்தியா, நீயே தேறிட்ட! நான்தான் சொன்னேன்லா, பழகப் பழக வந்துரும்னு. ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே போச்சு?

என்னது? குரல் இன்னைக்குப் பின்னால வரலயா? அது... நீ நல்லாப் பாடுன, அதான். அண்ணாச்சி என்ன மாத்துனாவன்னா கேக்க? ராம் போட்டாவ. ராம்னா ஞாபகசக்தி மாதிரி, அதுக்கும் தாளத்துக்கும்... அண்ணாச்சி, நீங்க காபியைக் குடிங்க, ஆறிரும்.

பழையபடி வச்சுக் காட்டணுமா? எதுக்கு ஹெப்சி? நல்லா ஓடுதத ஏன் கெடுக்க? நேரம் ஆகுதுலா, சார் போன் பண்ணிருவாவ. அண்ணாச்சி, வேண்டாம். அண்ணாச்சி, மவுஸை விடுங்க. நான் சொல்லுதேன்லா.

திரும்ப ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டே வச்சிட்டியளே.

பாடமாட்டியா? அப்ப என்ன பண்ணப் போற? ஏன் ஒரு காதுல மட்டும் மாட்டுத? நகத்தால மைக்கைத் தட்டாத, அது கெட்டுப்போகும்.

தட்டுதா அண்ணாச்சி. ஒரு காது வெளியில, ஒரு காது உள்ள. தட்டித் தட்டிக் கேக்கா. தட்டுன பொறவு ஒரு நொடி கண்ணை மூடி நிக்கா. மறுபடியும் தட்டுதா. இப்ப உங்களைப் பாத்து விரலைக் காட்டுதா, எதுக்கு? புதுசுக்கு மாத்தச் சொல்லுதாளா? மாத்திருங்க, சீக்கிரம் மாத்திருங்க. தட்டுதா. அவ்வளவுதான், கழட்டிட்டா.

ஹெப்சி, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

போன். தேவநேசன் சார்தான், அஞ்சு ஆகலயே இன்னும். நான் எடுக்கேன், குடு. சரி, நீயே பேசு. ஸ்பீக்கர்ல போட வேண்டாம்.

பாடுதேன்னு சொல்லுதா! கேட்டியளா அண்ணாச்சி, “பாடுதேன் சார்”னு சொல்லிட்டா! அப்பாடா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் நினைச்சது நடந்துருச்சு. என்ன சொல்லுதா இன்னும்? பைய பேசுங்க, கேட்டுக்கிடுதேன். “இல்ல சார், பயம் ஒண்ணும் இல்ல. தாளம் சரியாத்தான் இருக்கு. எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சு”ங்கா.

வச்சிட்டா.

நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேரா உக்காந்துட்டா. கோவம் ஒண்ணும் இல்ல போல, முகம் சாதாரணமாத்தான் இருக்கு. என்ன ஹெப்சி? கேளு. என்ன கேக்கணுமோ கேளு.

எத்தனை நாளா எனக்குத் தெரியும்னா கேக்க?

எது தெரியும்? அது வந்து... அண்ணாச்சி, பையை எதுக்கு எடுக்கிய? சரி, வேலை முடிஞ்சிருச்சு, கிளம்புங்க, நான் அப்புறம் கடைக்கு வாரேன். இல்ல, இல்ல, போகாதிய. காபி அப்படியே இருக்கு பாருங்க. உக்காருங்க அண்ணாச்சி. ஒரு அஞ்சு நிமிசம். நீங்க போயிட்டா இவளுக்கு நான் பதில் சொல்லணும்.